உட்கார்ந்தே சுற்றிய தீம் பார்க்

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்தால் நாலு வரியிலேயே அசந்துபோகிறேன். அதனால் இதை இரண்டு மூன்று நாளாகத் துண்டு துண்டாக எழுதுகிறேன், பேச்சு எங்காவது தாவினால் பொறுத்துக்கொள். உன் பையனுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். யாராவது வீட்டுக்கு வந்தால் அம்மா கைத்தடியைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

உண்ணி கடித்து வரும் லைம் நோய் எனக்கு என்று எழுதியதற்கு, எலுமிச்சைக்கும் என் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தாய். ஒன்றும் இல்லை, லைம் என்பது ஊர்ப் பெயர். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கிறது. 1975 வாக்கில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிள்ளைகள் பலருக்கு முழங்கால் வீங்கியது. சிறுவர்களுக்கு வரும் மூட்டுவாதம் என்றுதான் முதலில் சொன்னார்கள். அக்கம்பக்கத்தில் இத்தனை பேருக்கு எப்படி ஒரே நேரத்தில் வரும் என்று விடாமல் கேட்டவர்கள் தாய்மார்கள். பாலி மர்ரே என்ற பெண்மணி யார் யாருக்கு என்னென்ன தொல்லை என்று பட்டியலே போட்டு வைத்திருந்தாராம். அதற்கப்புறம்தான் ஆராய்ச்சி எல்லாம். 1981இல் வில்லி பர்க்டார்ஃபர் என்ற விஞ்ஞானி உண்ணியின் குடலுக்குள் சுருள் சுருளாக ஒரு பாக்டீரியாவைப் பார்த்தார். அதற்குப் பெயர் வைத்தபோது அவர் பெயரையே சேர்த்துவிட்டார்கள். என் காலுக்குள் புகுந்தது அவர் பெயர் தாங்கிய கிருமி.

எனக்கு உண்ணி கடித்ததே தெரியாது. அது கடித்தால் வலிக்காது, அதுவும் இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். போன கோடையில் தொடைக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புத் திட்டு வந்தது. அரிக்கவில்லை, வலிக்கவில்லை. பூச்சி எதாவது கடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். புத்தகங்களில் குறிபார்த்துச் சுடும் பலகை மாதிரி வளையம் வளையமாகப் படம் போடுகிறார்கள் இல்லையா, எனக்கு அப்படி எதுவும் இல்லை, ஒரே சீரான சிவப்பு. நிறையப் பேருக்கு அப்படித்தான் வருமாம். மாதக்கணக்கில் ஒன்றும் இல்லாமல் இருந்து, திடீரென்று ஒரு காலை வலது முழங்கால் பந்து மாதிரி வீங்கி நின்றது. வீக்கம் இருந்த அளவுக்கு வலி இல்லை என்பதுதான் விசித்திரம். ஊசி போட்டு நீரை எடுத்தார்கள், ரத்தம் சோதித்தார்கள், லைம் என்றார்கள். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை, காலையில் ஒன்று இரவில் ஒன்று, 28 நாள்.

பிரச்சினை என்னவென்றால், தீம் பார்க் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே பணம் கட்டியாகிவிட்டது. தேதியைப் பார்த்தால் மாத்திரையின் 15ஆம் நாள். கேன்சல் செய்தால் பாதிப் பணம்கூடத் திரும்பாது. அதைவிட, சின்னவன் சுவரில் காலண்டர் மாட்டி ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டிருந்தான். நீயாக இருந்தால் என்ன செய்வாய்?

டாக்டரிடம் நேராகவே கேட்டேன். அவர் முதலில் ஈசிஜி எடுத்தார். இந்தக் கிருமி சிலருக்கு இதயத்துக்குள் போய் அதன் மின்துடிப்பைத் தாமதப்படுத்தும், அப்போது மயக்கம், படபடப்பு எல்லாம் வரலாமாம். எனக்கு அது சரியாக இருந்தது. போகலாம், ஆனால் நடையைக் குறைக்கணும், வெயில்தான் உங்களுக்கு இப்போது முதல் எதிரி என்றார். டாக்சிசைக்ளின் சாப்பிடுகிறவர்களின் தோல் வெயிலில் சட்டென்று வெந்துபோகும். சரி, தொப்பி, முழுக்கைச் சட்டை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சன்ஸ்கிரீன் என்று எல்லாம் தயார் செய்தேன். அப்படியும் ஒரு இடத்தில் கோட்டை விட்டேன், சொல்கிறேன்.

வீட்டுக்காரர்தான் சக்கர நாற்காலி வாடகைக்கு எடுக்கலாம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் நடக்கிறேன், பாத்திரம் தேய்க்கிறேன், மாடி ஏறுகிறேன், எனக்கு எதற்கு நாற்காலி? முதல் நாள் வீம்பாக நடந்தேன். பெரிய தீம் பார்க்கில் ஒரு நாளைக்குப் பத்துக் கிலோமீட்டர் நடப்பதெல்லாம் சாதாரணம். அதோடு வரிசையில் நிற்பது வேறு, நடப்பதைவிட நிற்பதுதான் மூட்டுக்குக் கொடுமை. பகல் 11 மணிக்குள் எனக்குள் இருந்ததெல்லாம் வடிந்துவிட்டது. தூக்கம் வருவது மாதிரியான அசதி இல்லை கலா இது. காய்ச்சல் விட்ட மறுநாள் எழுந்து நின்றால் ஒரு காலி உணர்வு வருமே, அது மாதிரி. பேசவே சோம்பலாக இருந்தது. லாக்கர் என்று சொல்ல நினைத்து ஃபிரிட்ஜ் என்றேன். கார் நிறுத்திய வரிசை எண்ணை நானே படித்துச் சொன்னேன், பத்து நிமிடத்தில் மறந்துவிட்டேன். (அன்று முதல் எல்லா எண்ணையும் போனில் படம் பிடித்துவைக்கிறேன்.) மத்தியானம் முதலுதவி மையத்தில் ஒரு கட்டிலில் படுத்துக்கிடந்தேன். அங்கே படுக்க இடம் உண்டு என்பதை வரைபடத்தில் முன்பே பார்த்துவைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. பிள்ளைகள் அப்பாவோடு ஒரே ஒரு ரைடு ஏறிவிட்டு, என் முகத்தைப் பார்த்து "போதும், ரூமுக்குப் போகலாம்" என்றார்கள். அதுதான் என்னை உறுத்தியது. யாருக்காக நடந்தேனோ அவர்களின் நாளைத்தான் நானே கெடுத்திருந்தேன்.

மறுநாள் பூங்கா பக்கமே போகவில்லை. பேசிவைத்திருந்ததுதான் அது, ஒரு நாள் விட்டு ஒரு நாள். மூன்றாம் நாள் வாசலிலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

வித்தியாசத்தைச் சொன்னால் நம்பமாட்டாய். காலையில் கதவு திறக்கும்போதே உள்ளே போய், கூட்டம் சேர்வதற்குள் பிள்ளைகள் கேட்ட பெரிய ரைடுகளை முடித்தோம். வெயில் ஏறியதும் உள்ளே உட்கார்ந்து பார்க்கும் நாடகம், மெதுவாகப் போகும் படகு, ஏசி போட்ட தியேட்டர். மத்தியானம் அறைக்குத் திரும்பி இரண்டு மணி நேரத் தூக்கம். சாயந்திரம் மறுபடி வந்தேன், அப்போது நாற்காலியை விட்டு இறங்கிச் சின்னவன் கையைப் பிடித்துக்கொண்டு விளக்குகளுக்கு நடுவில் நடந்தேன். கால் மணி நேரம் இருக்கும். அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

ரைடு விஷயத்தில் ஒரு பாடம். எச்சரிக்கைப் பலகையில் இதயம், முதுகு, கழுத்து, கர்ப்பம் என்று எழுதியிருப்பார்கள். மடங்காத முழங்காலைப் பற்றி யாரும் எழுதமாட்டார்கள். ஒரு ரோலர் கோஸ்டரில் ஆசைப்பட்டு ஏறி உட்கார்ந்தேன். முன்பலகைக்கும் என் முட்டிக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய இடமில்லை, மடியில் இறங்கும் கம்பி அந்தக் காலை இன்னும் அழுத்தியது. கையைத் தூக்கினேன், இறக்கிவிட்டார்கள். சில ரைடுகளுக்கு வெளியே உட்கார்ந்து பார்க்க ஒரு சாம்பிள் இருக்கை வைத்திருப்பார்கள், அதில் முதலில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம் அந்தச் சம்பவம். ஒரு கடை வாசலில் நான் நாற்காலியிலிருந்து எழுந்து, மேல் தட்டில் இருந்த தொப்பியை எட்டி எடுத்தேன். பின்னால் ஒரு குரல், "பார்த்தியா, அதிசயம் நடந்துடுச்சு!" அவர் கூட வந்தவர்கள் சிரித்தார்கள். என் முகம் எரிந்தது. திரும்பி எல்லாவற்றையும் சொல்லணும் போல இருந்தது, உண்ணி, முழங்கால் நீர், 28 நாள், எல்லாம். ஒன்றும் சொல்லவில்லை, தொப்பியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன். அன்றெல்லாம் எழ வேண்டிய இடத்திலெல்லாம் வேண்டுமென்றே ஒரு நொண்டு நொண்டினேன் என்றால் பார்த்துக்கொள். உன் அம்மா வலியை மறைக்கிறார், நான் இல்லாத வலியைக் காட்டினேன். யாருடைய கண்ணுக்காக இதெல்லாம் என்று அன்று இரவு யோசித்தேன்.

பெரியவளுக்குப் பதினாலு வயது. காலையெல்லாம் நாற்காலிக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தாள், எங்களோடு வரவே இல்லாதவள் மாதிரி. எனக்குக் கோபம் வரவில்லை, அந்த வயதில் நானும் அப்படித்தான் நடந்திருப்பேன். மத்தியானத்துக்கு மேல் அவளுடைய பை, தண்ணீர் பாட்டில், வாங்கிய பொம்மை எல்லாம் என் நாற்காலிக் கைப்பிடியில் தொங்கின. பாசமா, சுமை தூக்க ஒரு வண்டி கிடைத்த சந்தோஷமா, இன்னும் தெரியவில்லை.

மாத்திரையைப் பற்றிச் சொல்லாவிட்டால் கடிதம் முடியாது. அது பெரிய மனுஷர் மாதிரி, ஆயிரம் நிபந்தனை. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை, நெஞ்செரிச்சல் மருந்து இவற்றோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கிய உடனே படுக்கவும் கூடாது. முதல் நாள் இரவு அசதியில் ஒரு மடக்குத் தண்ணீரோடு முழுங்கிவிட்டு அப்படியே சாய்ந்தேன். நடுராத்திரி நெஞ்சுக் குழியில் தீக்குச்சி உரசிய மாதிரி எரிச்சல், அடுத்த இரண்டு நாள் எச்சில் விழுங்கினால்கூடத் தெரிந்தது. அதற்கப்புறம் போனில் அலாரம் வைத்தேன், படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அடிக்கிற மாதிரி. அது பேய் வீடு ரைடின் கும்மிருட்டில் அடித்தது. எங்களுக்கு முன் வண்டியில் இருந்தவர் பேய்க்குக்கூட அலறவில்லை, என் அலாரத்துக்கு அலறினார்.

கோட்டை விட்ட கதை இதுதான். முகம், கழுத்து, காது மடல்வரை சன்ஸ்கிரீன் பூசினேன். கழிவறையில் கை கழுவிவிட்டு வந்து புறங்கையில் மறுபடி பூச மறந்தேன். நாற்காலியின் கைப்பிடியில் இரண்டு கையையும் வைத்து ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன், வெயில் நேராக அங்கேதான். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. சட்டைக் கை முடிகிற இடத்தில் கோடு போட்டது போலச் சிவந்து, சாயந்திரம் விரல் மடக்க முடியாமல் எரிந்தது. மோதிரத்தை நகர்த்திப் பார்த்தால் அதன் அடியில் மட்டும் வெள்ளையாக ஒரு வளையம். புத்தகத்தில் பார்த்த வளையம் கடைசியில் எனக்கும் வந்துவிட்டது என்று சொல்லி நானே சிரித்துக்கொண்டேன்.

இப்போது மாத்திரை முடிந்து பத்து நாள் ஆகிறது. வீக்கம் முக்கால்வாசி வடிந்துவிட்டது, அசதி இன்னும் போகவில்லை. இன்னும் மூன்று மாதம் ஆன்டிபயாட்டிக் சாப்பிடு என்று ஒருத்தர் சொன்னார். டாக்டர் வேண்டாம் என்கிறார். மருந்து முடிந்தபிறகும் சிலருக்கு மாதக்கணக்கில் அசதி இருக்கும், அதற்காக ஆன்டிபயாட்டிக்கை நீட்டிக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் நிலைத்த பலன் கிடைக்கவில்லை, பக்க விளைவுதான் மிச்சம் என்றார். எனக்கு அவர் சொல்வதுதான் சரியாகப் படுகிறது. பொறுமைதான் இல்லை.

இது ஒட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தாய். ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது, தாராளமாக வந்து பக்கத்தில் உட்காரு. நீ காட்டுப் பக்கம் நடக்கப் போகிறவள், திரும்பி வந்ததும் முழங்காலுக்குப் பின்னால், அக்குள், தலைமுடி ஓரம் எல்லாம் தடவிப் பார். உண்ணி ஒட்டியிருந்தால் கூர்மையான சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழு. மண்ணெண்ணெய், தீக்குச்சி எல்லாம் வேண்டாம். பெரும்பாலும் ஒரு நாளைக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமி இறங்கும், அதனால் அன்றைக்கே பார்த்துவிடுவதில் அர்த்தம் இருக்கிறது.

எனக்கும் இப்போது ஒரு கைத்தடி கொடுத்திருக்கிறார்கள், அம்மாவிடம் சொல்லு. பிசியோதெரபி பெண் முதலில் அதன் உயரத்தைத்தான் அளந்தாள். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டுமாம். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில்தான் பிடிக்கணும், நான் ஒரு வாரம் தப்பாகவே பிடித்திருக்கிறேன். அம்மா எந்தக் கையில் பிடிக்கிறார் என்று பார்த்து எழுது.

அன்புடன்,
மாலதி