சைக்கிளை விடச் சொன்ன ஆத்தாவுக்கும் சேர்த்து

சிவமயம்

டொராண்டோ

அன்புள்ள அப்பச்சிக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் நலம். எங்கள் சைக்கிள் குழுவில் ஒருவர் லாரியில் அடிபட்டு இறந்துபோனதைக் கேட்டு, போன வாரம் போனில் ஆத்தா "அந்தச் சைக்கிளைத் தூக்கிப் போட்டுட்டு பஸ்ஸில போப்பா" என்று அழுதது மனசை விட்டுப் போகவே இல்லை. போனில் என்னால் எதையும் ஒழுங்காகச் சொல்லவும் முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஆத்தாவுக்கு நீங்களே நிதானமாகப் படித்துக் காட்டுங்கள்.

இறந்துபோனவர் சனிக்கிழமை காலையில் எங்களோடு சைக்கிளில் வருகிற பெரியவர். வழியில் யாருக்காவது செயின் கழன்றால் முதலில் இறங்குவது அவர்தான். அன்றைக்கு விளக்கு எரிந்தது, ஹெல்மெட் போட்டிருந்தார், பச்சை சிக்னலில்தான் போனார். இங்கே வண்டிகள் சாலையின் வலது பக்கம் ஓடும், சைக்கிள் அதற்கும் வலது ஓரத்தில். பக்கத்தில் வந்த லாரி வலது பக்கம் திரும்பியது, நேராகப் போய்க்கொண்டிருந்த இவரை டிரைவர் பார்க்கவில்லை. உயரமான லாரிகளில் முன்சக்கரத்தை ஒட்டி டிரைவர் கண்ணுக்குப் படாத ஒரு இடம் உண்டு, ஒரு ஆள் சைக்கிளோடு நின்றாலும் மறைந்துவிடுவார். அப்புறம் கீழே விழுந்தவர் பின்சக்கரத்துக்குள் போய்விட்டார். சக்கரங்களுக்கு நடுவில் பக்கவாட்டில் கம்பி அடித்திருந்தால் உள்ளே போகாமல் வெளியே தள்ளப்பட்டிருக்கலாம். நம் ஊர் லாரிகளில் அந்தக் கம்பியைப் பார்த்திருப்பீர்கள். பிரிட்டனில் அது சட்டப்படி வேண்டும், இவ்வளவு வசதியுள்ள இந்தக் கனடாவில் இன்னும் கட்டாயமாக்கவில்லை. எனக்கு இதை நினைத்தால் ஆத்திரம் அடங்கவில்லை.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். கேதம் கேட்க அவர் வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அவரை ஒரு தடவைகூடப் பார்க்காதவர்கள், சைக்கிள் ஓட்டுகிறவர்கள் என்ற ஒரே உறவு. சாப்பாடு கொண்டுவர ஆளாளுக்கு நாள் குறித்துக்கொண்டார்கள். ஒரு வக்கீல் அம்மா, அவரும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர், பெரியவரின் மனைவியோடு உட்கார்ந்து இன்சூரன்ஸ் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்து விளக்கினார், காசு வாங்கவில்லை. வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கிற இரண்டு பையன்கள் அந்தச் சந்திப்பில் உள்ள கடைகளில் ஏறி இறங்கி, கேமராவில் பதிந்தது அழிந்துபோவதற்குள் எடுத்து போலீஸிடம் கொடுக்கும்படி கெஞ்சினார்கள். துக்கத்தோடு துக்கமாக இவ்வளவு வேலையும் நடந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. இறந்த இடத்தில் முழுக்க வெள்ளையடித்த ஒரு சைக்கிளைக் கம்பத்தோடு சேர்த்துப் பூட்டி வைப்பார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் 2003இல் தொடங்கியது, இப்போது எத்தனையோ நாடுகளில் செய்கிறார்கள். எங்கள் குழுவில் ஒருவர் வீட்டு கார் ஷெட்டில்தான் அதைத் தயார் செய்தோம். யாரோ கொடுத்த பழைய சைக்கிள். திருட்டுப் போகாமல் இருக்க செயின், பிரேக் ஒயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, துருவை உப்புத்தாளால் தேய்த்து, டயர், ஸ்போக்ஸ், சீட்டு ஒன்று விடாமல் பெயிண்ட் அடித்தோம். ஒரு பூச்சு காய்ந்ததும் பழைய சிவப்பு நிறம் உள்ளேயிருந்து தெரிந்தது, மறுபடி அடித்தோம். என் நகக்கண்ணில் அந்த வெள்ளை ரொம்ப நாள் இருந்தது. பெரியவரின் மனைவி வந்து பார்த்துவிட்டு, முன்னால் ஒரு கூடை வேண்டும், அவர் காய்கறி வாங்கிவருகிற மாதிரி, என்றார். கூடையும் வாங்கி அதற்கும் வெள்ளையடித்தோம்.

நகரத்து நடுவில் ப்ளூர் தெருவும் ஸ்பதீனாவும் சேருகிற இடத்தில் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. இந்த மாதிரி அஞ்சலி ஊர்வலம் வழக்கமாக அங்கேயிருந்துதான் கிளம்பும். நாங்களும் அங்கே கூடி அவர் இறந்த இடம் வரைக்கும் ரொம்ப மெதுவாகப் போனோம், யாரும் பேசவில்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து நம் காவடிகள் கிளம்பி சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடக்கும்போது எப்படி லாரிக்காரர்களும் வேகத்தைக் குறைத்து வழி விடுகிறார்களோ அதேபோல அன்றைக்கு டொராண்டோவில் கார்கள் பின்னால் பொறுமையாக ஊர்ந்தன. தனியாகப் போகும்போது ஒரு நாள்கூட எனக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை. அந்த இடம் வந்ததும் இறங்கி நின்றோம், கொஞ்ச நேரம் கழித்து எல்லோரும் அவரவர் சைக்கிளை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தோம்.

மே மாதம் மூன்றாவது புதன்கிழமை பல நாடுகளில் மௌன ஊர்வலம் போகிறார்கள், அதுவும் 2003இல் டல்லாஸ் நகரத்தில் ஒருவர் இறந்ததிலிருந்து தொடங்கியதுதான்.

ஆனால் அஞ்சலியோடு இவர்கள் விட்டுவிடுவதில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. "அவர் விதி" என்று யாரும் சொல்லவில்லை. அந்தச் சந்திப்பில் சைக்கிளுக்குத் தனி சிக்னல் ஏன் இல்லை, வெறும் பெயிண்ட் கோட்டுக்குப் பதில் கான்கிரீட் தடுப்பு ஏன் இல்லை என்று எழுதி எடுத்துக்கொண்டு கவுன்சிலரிடம் போனோம். பதில் இன்னும் வரவில்லை, விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம். சைக்கிளைத் தாண்டும்போது கார் ஒரு மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று இந்த மாகாணத்தில் 2015இல் சட்டம் வந்தது. பிறகு 2024 நவம்பரில் இதே மாகாண அரசு ப்ளூர், யங், யுனிவர்சிட்டி சாலைகளில் உள்ள சைக்கிள் பாதைகளை எடுக்க ஒரு சட்டம் போட்டது. சைக்கிள்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், பாதையை எடுத்தால் உயிர் போகும் என்பதை ஏற்று 2025 ஜூலையில் நீதிபதி அது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னார். அரசு அதை எதிர்த்து அப்பீலுக்குப் போனது.

ஆத்தாவிடம் இதைச் சொல்லுங்கள்: நான் சிக்னலில் லாரிக்குப் பக்கத்தில் நிற்பதே இல்லை, பின்னால்தான் நிற்பேன், அவசரமே கிடையாது. ஆனால் சைக்கிளை விட மாட்டேன். பயந்து ஒவ்வொருவராக விட்டுவிட்டால் மிச்சம் ஓட்டுகிறவர்களை டிரைவர்கள் எதிர்பார்க்கவே மாட்டார்கள், கவுன்சிலர் வாசலில் நிற்கவும் ஆள் இருக்காது.

அப்பச்சி, நம் ஊர் விலக்கில் பால்காரர் சைக்கிளோடு அடிபட்டுப் போனாரே, கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினோம், அது கிழிந்ததும் மறந்துவிட்டோம். அங்கே இன்றைக்கும் ஒரு விளக்கு இல்லை என்று அண்ணன் சொல்கிறான். 2022இல் மட்டும் தமிழ்நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 17,884 பேர். அண்ணன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசு சைக்கிள் கொடுத்திருக்கிறார்கள், அவள் தினமும் அந்த விலக்கைத் தாண்டித்தான் போகிறாள். அண்ணனை ஒரு மனு எழுதச் சொல்லுங்கள், விளக்கும் வேகத்தடையும் வேண்டும் என்று. பால்காரர் வீட்டாரையும் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமை சிவகங்கை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போகட்டும். தனியாகப் போக வேண்டாம். நீங்கள் முன்னால் நின்றால் நாலு பேர் வருவார்கள்.

இன்னொன்று, யாராவது அடிபட்டுக் கிடந்தால் கேஸாகிவிடும் என்று பயந்து ஒதுங்க வேண்டாம். உதவுகிறவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்திலேயே இருக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே செலவு செய்கிற திட்டமும் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. கோயில் வாசலில் உட்கார்ந்து பேசும்போது நாலு பேர் காதில் போடுங்கள்.

அண்ணன் மகளின் சைக்கிளுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு ஒன்று வாங்கி மாட்டச் சொல்லுங்கள், பணம் அனுப்புகிறேன். மாட்டியதும் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். மனு கொடுத்தால் அதன் நகலும் எனக்கு வேண்டும்.

அன்புடன்,
உங்கள் சின்னவன்