கோழி தானாக மிஞ்சாது. எடுத்து வைக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பச் செலவைக் குறைப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த குறிப்புகளை ஒன்று விடாமல் படித்தேன். கோழியை முழுசாக வாங்கி ரோஸ்ட் செய்தால் மலிவு, மீந்ததை மறுநாளும் சாப்பிடலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. சொன்னது சரிதான். ஆனால் அதோடு விட்டுவிட்டதால்தான் இந்தக் கடிதம். ஆறு பேர் சாப்பிடும் எங்கள் வீட்டில் ரோஸ்ட் கோழி தானாக மீந்து நான் பார்த்ததில்லை. முழுசாக மேசையில் வைத்தால் அன்றைக்கே எலும்புதான் மிஞ்சும். மேசைக்குப் போவதற்கு முன், அடுப்படியிலேயே பங்கு பிரித்து எடுத்து வைத்தால்தான் அடுத்த வேளைக்கு ஏதாவது இருக்கும்.

முழுக் கோழி வாங்குவது லாபம் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. துண்டு போட்டது, தோல் உரித்தது, எலும்பு நீக்கியது என்று ஒவ்வொரு கைவேலைக்கும் விலை ஏறுகிறது. எலும்பில்லாத நெஞ்சுக்கறி வாங்குகிறவருக்குச் சூப் வைக்க எலும்பும் கிடைக்காது. ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். ஒன்றரைக் கிலோ கோழியை ஓவனில் வைத்தால், வற்றும் நீர், உருகும் கொழுப்பு, எலும்பு எல்லாம் போகச் சாப்பிடும் கறி சுமார் 600 கிராம் தேறும். ஆறு பேர் ஒரே வேளையில் உட்கார்ந்தால் தலைக்கு 100 கிராம், அதோடு சரி. அதே 600 கிராமை 250, 200, 150 என்று பிரித்தால் மூன்று வேளை. எலும்பிலிருந்து நாலாவது வேளை.

கறியைக் குறைத்தால் பிள்ளைகளுக்குச் சத்து போதுமா என்று என் மாமியார் கேட்டார். நல்ல கேள்வி. வெந்த கோழிக்கறி 100 கிராமில் 25 முதல் 30 கிராம் வரை புரதம் இருக்கிறது. 40 கிராம் கறி வைத்தால் பத்து கிராமுக்கு மேல் வந்துவிடும். கூடவே ஒரு முட்டை என்றால் இன்னும் 6 கிராம். பயறோ பட்டாணியோ சேர்த்தால் அது தனி. தட்டு நிறையக் கோழிதான் இருக்க வேண்டும் என்று இல்லை.

சரி, எப்படிப் பிரிப்பது? ஓவனிலிருந்து எடுத்ததும் கத்தி வைக்கக் கூடாது. கால் மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். சுடச்சுட வெட்டினால் சாறு பலகையில் ஓடிவிடும், கறி வறண்டுபோகும். ஆறினதும் முதலில் காலை வெளிப்பக்கமாக மடக்கினால் மூட்டு தானாகத் தெரியும், அந்த இடத்தில் வெட்டினால் போதும், எலும்பை உடைக்க வேண்டியதே இல்லை. கீழ்க்காலையும் தொடையையும் தனித்தனியாக்குங்கள். நெஞ்சின் நடு எலும்பை ஒட்டிக் கத்தியை இறக்கினால் இரண்டு பக்கத்துக் கறியும் முழுசாகக் கழன்று வரும்.

எந்தத் துண்டு எந்த வேளைக்கு என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எல்லாருக்கும் முதல் நாளே தொடை வேண்டும். ஆனால் மறுபடி சூடாக்கினாலும் கெடாமல் நிற்பது தொடைக்கறிதான். அதில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் கூடுதல், இரண்டாம் முறை கொதித்தாலும் மெத்தென்றுதான் இருக்கும். நெஞ்சுக்கறியை மறுநாள் சூடாக்கினால் நார் நாராக விறைத்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் முதல் நாள் இரவு கீழ்க்கால் இரண்டும் பிள்ளைகளுக்கு. இறக்கையும் ஒரு பக்கத்து நெஞ்சுக்கறியும் மெல்லிசாக அரிந்து மற்றவர்களுக்கு. மொறுமொறுப்பான தோல் முழுவதும் அன்றைக்கே தீர்ந்துவிட வேண்டும், ஃப்ரிட்ஜில் வைத்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். தட்டை நிரப்புவது கோழியோடு ஓவன் தட்டிலேயே வெந்த உருளைக்கிழங்கும் வெங்காயமும் கேரட்டும். கோழியிலிருந்து சொட்டிய சாறெல்லாம் அவற்றில் இறங்கியிருக்கும். பிள்ளைகள் கோழியை விட்டுவிட்டு அந்த உருளைக்கிழங்குக்குப் போட்டி போடும் நாளும் உண்டு.

மறுநாள் மதியத்துக்கு இன்னொரு பக்கத்து நெஞ்சுக்கறி. இதைச் சூடாக்கவே வேண்டாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பொடியாக நறுக்கி, தயிரோ மயோனைஸோ, வெள்ளரிக்காய், மிளகுத்தூள் போட்டுப் பிசைந்து ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்துவிடுங்கள். இப்படிச் செய்வதற்கு ஒரு காரணம் உண்டு. வெந்த கோழியை எடுத்து வைத்து மறுபடி சூடாக்கும்போது ஒரு சிக்கு வாடை வரும், பலருக்கும் தெரிந்திருக்கும். கறியிலிருக்கும் கொழுப்பு காற்றுப்பட்டு ஆக்சிஜனோடு சேர்வதால் வருவது அது. கறியில் உள்ள இரும்புச்சத்து அதை இன்னும் வேகப்படுத்துகிறது. குளிர்ச்சியாகவே சாப்பிட்டால் அந்த வாடை அவ்வளவாகத் தெரியாது. சாற்றில் மூழ்க வைத்தாலும், காற்றுப் புகாமல் மூடி வைத்தாலும் குறையும்.

அன்று இரவுக்குத் தொடைக்கறி. ரோஸ்ட் செய்த தட்டின் அடியில் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருப்பதைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள். கொஞ்சம் வெந்நீர் ஊற்றி மரக்கரண்டியால் சுரண்டினால் அத்தனையும் கரைந்து வரும். அதை ஒரு கிண்ணத்தில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் மேலே கொழுப்பு வெள்ளையாக உறைந்திருக்கும், அடியில் சாறு. அந்தக் கொழுப்பில் வெங்காயத்தை வதக்கி, தக்காளி, வேகவைத்த உருளைக்கிழங்கு, பட்டாணி சேர்த்துச் சாற்றையும் ஊற்றி, கடைசியாக உதிர்த்த தொடைக்கறியைப் போட்டு நன்றாகக் கொதிக்க விட்டால் சோற்றுக்கும் ஆகும், ரொட்டிக்கும் ஆகும். கறி 200 கிராம்தான், ஆனால் கோழி மணம் பாத்திரம் முழுக்க இருக்கும். எண்ணெய்ச் செலவும் இல்லை.

இனி எலும்புக்கு வருகிறேன். இதற்கான வேலையைக் கோழி வெதுவெதுப்பாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும். குளிர்ந்துவிட்டால் கொழுப்பு இறுகிக் கறி எலும்போடு ஒட்டிக்கொள்ளும், விரல்தான் வலிக்கும். வெதுவெதுப்பில் விரலை விட்டால் வழித்துக்கொண்டு வரும். கறி எடுத்த எலும்புக் கூட்டைத் திருப்பிப் போட்டு முதுகுப் பக்கம் பாருங்கள். தொடை சேரும் இடத்தில் இருபுறமும் இரண்டு சின்னக் குழிகள், அவற்றில் உருண்டையாகக் குழிக்கொரு துண்டுக் கறி. கோழியிலேயே அதைவிட மெதுவான கறி கிடையாது. அவசரமாக வெட்டுகிறவர்கள் அதைக் கூட்டோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அதை என் மாமியாருக்கு எடுத்து வைத்துவிடுவேன், அவரால் கடினமானதை மெல்ல முடியாது. அப்புறம் கழுத்து, முதுகெலும்பின் இரண்டு ஓரம், இறக்கை பிடித்திருந்த இடம் என்று பொறுமையாகக் கிள்ளிக்கொண்டே போனால் ஒரு சின்னக் கிண்ணம் நிறையும். அது சூப்புக்கு.

எலும்பையெல்லாம் பாத்திரத்தில் போட்டு, மூழ்கும் அளவுக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றி, வெங்காயம், கேரட் நுனி, மிளகு போட்டுச் சின்னத் தீயில் இரண்டு மூன்று மணி நேரம். பிரஷர் குக்கர் என்றால் முக்கால் மணி நேரம் போதும், எரிவாயுவும் மிச்சம். தளதளவென்று கொதிக்க விட்டால் கொழுப்பு நீரோடு கலந்து கலங்கிவிடும். உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும். ரோஸ்ட் கோழியில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, சாறு வற்ற வற்ற அது ஏறிக்கொண்டே போகும். வடிகட்டிக் குளிர வைத்தால் ஜெல்லி போல உறையும். எலும்பிலும் மூட்டிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் ஜெலட்டினாக மாறி இறங்கியதன் அடையாளம் அது. எலும்புச் சாற்றில் கால்சியம் கொட்டிக் கிடக்கிறது என்பார்கள். உண்மையில் பெரும்பகுதி எலும்பிலேயே தங்கிவிடும். ருசிக்கும் நிறைவுக்கும் என்றால் இதற்கு இணை இல்லை. இந்தச் சாற்றில் அரிசியோ பார்லியோ நூடுல்ஸோ வேகவைத்து, பட்டாணியும் கிள்ளி வைத்த கறியும் சேர்த்தால் ஆறு பேருக்கு ஒரு வேளை. வடிகட்டி வந்த எலும்பை நாய்க்குப் போட வேண்டாம். வெந்த எலும்பு கூராகச் சிலும்பி உடையும், அதன் தொண்டையையும் குடலையும் கிழிக்கும்.

2022-ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது, அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து போனது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் அறிக்கை வெளியிட்டது. அந்தக் கணக்கில் எலும்பு, தோல் போன்றவையும் அடக்கம். அதாவது, சூப் வைக்காமல் தூக்கிப் போடும் அந்தக் கூடும் அதில் இருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, உங்கள் குறிப்பில் இல்லாததும் எனக்கு மிகவும் கவலை தந்ததும் பாதுகாப்பு பற்றிய விஷயம். மிச்சப்படுத்தப் போய் வீட்டில் ஒருவர் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று படுத்துவிட்டால் மருந்துச் செலவில் எல்லாம் போய்விடும். கோழியின் தொடையில் தடிப்பான இடத்தில், எலும்பைத் தொடாமல், 74 டிகிரி செல்சியஸ் வந்திருக்க வேண்டும். நிறத்தை நம்ப முடியாது, நன்றாக வெந்த கோழியிலும் எலும்போரம் சிவப்பாக இருப்பது உண்டு. சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வெந்த கறியை வெளியில் வைக்கக்கூடியது இரண்டு மணி நேரம்தான். வெயில் 32 டிகிரிக்கு மேல் என்றால் ஒரு மணி நேரம். முழுசாக ஆறட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். தாழ்வான சின்னப் பாத்திரங்களில் பிரித்தால் சீக்கிரம் குளிரும், அப்படியே ஃப்ரிட்ஜில் வைக்கலாம். 4 டிகிரியில் மூன்று நான்கு நாள் தாங்கும். அதற்குள் முடியாது என்று தெரிந்தால் முதல் நாளே ஃப்ரீசருக்குப் போக வேண்டும்.

பெரிய பாத்திரத்துச் சூப்பை இரவெல்லாம் அடுப்பின் மேலேயே விட்டுவிட்டு, காலையில் ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. சரியாகாது. சில பாக்டீரியாக்களின் வித்துகள் கொதியிலும் சாகாமல் தங்கி, சூப் மெல்ல ஆறும்போது பெருகுகின்றன. வேறு சில, கறியில் விட்டுச்செல்லும் நஞ்சு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. சோற்றுக்கும் இதே கதைதான். எடுத்து வைத்ததைச் சூடாக்கும்போது அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, உள்ளே வரை ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும். மீண்டும் மீண்டும் எடுத்து எடுத்துச் சூடாக்குவது கூடவே கூடாது. வீட்டில் குழந்தையோ கர்ப்பிணியோ வயதானவரோ இருந்தால் இதில் துளியும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இனிச் சமையல் குறிப்பு வெளியிடும்போது, எத்தனை பேருக்கு எவ்வளவு வரும், ஃப்ரிட்ஜில் எத்தனை நாள் தாங்கும் என்ற இரண்டு வரியையும் அடியில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்கள் உங்கள் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே சமைக்கிறார்கள். அவர்களுக்குக் கேட்டுச் சொல்லப் பக்கத்தில் பெரியவர்கள் இருப்பதில்லை.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி