ப்ரொஜெக்டரோடு சரியான கேபிளும் வேண்டி: ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
கணினி ஆசிரியர்,
அரசுப் பள்ளி.

பெறுநர்:
கொள்முதல் பிரிவு அலுவலர் அவர்கள்,
கல்வித் துறை.

பொருள்: பள்ளிகளுக்கு வழங்கப்படும் ப்ரொஜெக்டர், மானிட்டர், லேப்டாப்களுக்குப் பொருத்தமான வீடியோ கேபிளும் அடாப்டரும் சேர்த்து வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பள்ளியில் நான் கணினிப் பாடம் எடுக்கிறேன். ப்ரொஜெக்டர் அறையின் சாவியும் என்னிடம்தான் இருக்கிறது. அதனால் திரையில் படம் வராத ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு ஆசிரியர் என்னைத் தேடி வருவார். அப்படி வந்தவர்களின் குறைகளையும் சேர்த்தே இந்த மனுவை எழுதுகிறேன்.

சென்ற கல்வியாண்டில் எங்களுக்கு இரண்டு லேப்டாப்கள் வழங்கப்பட்டன. நல்ல லேப்டாப்கள், அதற்கு எங்கள் நன்றி. அவற்றில் படத்தையும் ஒலியையும் வெளியே அனுப்பும் எச்.டி.எம்.ஐ. போர்ட் ஒன்றும், இப்போதைய மொபைல் சார்ஜர்களில் உள்ளது போன்ற டைப்-சி போர்ட் ஒன்றும் உள்ளன. எங்கள் ப்ரொஜெக்டர் பழையது, அதில் பழைய வகை வீடியோ இணைப்பான வி.ஜி.ஏ. மட்டுமே உண்டு. இது தெரிந்துதான் இரண்டையும் இணைக்கும் கன்வெர்ட்டர் கேட்டிருந்தோம், அதுவும் வந்தது. கொள்முதல் பட்டியலில் ‘வி.ஜி.ஏ. – எச்.டி.எம்.ஐ. கன்வெர்ட்டர்’ என்று ஒரே வரி. வந்தது, பழைய வி.ஜி.ஏ. கணினியைப் புதிய எச்.டி.எம்.ஐ. டிவியில் இணைப்பதற்கான கன்வெர்ட்டர். எங்களுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது.

எழுதியவரையோ அனுப்பியவரையோ நான் குறை சொல்லவில்லை. அந்த ஒரு வரி இரண்டு பொருளுக்குமே பொருந்தும். வி.ஜி.ஏ. அனலாக் (படம் தொடர் மின்னலையாகச் செல்லும்), எச்.டி.எம்.ஐ. டிஜிட்டல் (படம் எண்களாகச் செல்லும்). ஒன்றை மற்றொன்றாக மாற்றும் சிப் ஒரு திசையில்தான் வேலை செய்யும். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. ப்ரொஜெக்டரில் செருகினேன், கச்சிதமாகப் பொருந்தியது. படம் மட்டும் வரவில்லை. லேப்டாப்பில்தான் கோளாறு என்று நினைத்து, இரண்டு நாட்கள் டிரைவர் மென்பொருளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் சரியானதை நாங்களே வாங்கினோம். விரல் நீளத்துக்கு ஒரு சிறிய கன்வெர்ட்டர். அதன் பின்னால் சுவரிலிருந்து வரும் தடித்த வி.ஜி.ஏ. கேபிளைத் திருகி மாட்டினால், மொத்தக் கனத்தையும் லேப்டாப்பின் எச்.டி.எம்.ஐ. போர்ட் தாங்க வேண்டும். வி.ஜி.ஏ.வுக்கு இருபுறமும் திருகு உண்டு, எச்.டி.எம்.ஐ.க்கு அப்படிப் பிடிப்பு எதுவும் கிடையாது. சற்று அசைந்தாலும் படம் போய்விடும். ஒருநாள் எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் ஒரு மாணவி தானாகவே எழுந்து வந்து, மேசை ஓரத்தில் மண்டியிட்டு, அந்தக் கேபிளைக் கையில் ஏந்திப் பிடித்துக்கொண்டாள். மணி அடிக்கும்வரை அப்படியே இருந்தாள். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள், அவளால் எடுக்க முடியவில்லை. அன்று மாலை அவளுடைய வெற்று நோட்டைப் பார்த்தபோதே இந்த மனுவை எழுத முடிவு செய்துவிட்டேன்.

அதே வகுப்பில் இன்னொன்றும் நடந்தது. பாடம் இரத்த ஓட்டம். படத்தில் தமனிகள் சிவப்பு, சிரைகள் நீலம். திரையில் வெள்ளைப் பின்னணி மஞ்சளாகத் தெரிந்தது, சிரைகள் கறுப்பாகத் தெரிந்தன. “நீலம் எங்கே சார்?” என்று ஒரு பையன் கேட்டான். கேபிளைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். அதன் மூன்றாவது பின் (ஊசி முனை) மடங்கியிருந்தது. வி.ஜி.ஏ.வில் முதல் மூன்று பின்களும் முறையே சிவப்பு, பச்சை, நீலத்தைக் கொண்டுசெல்பவை. ஒன்று மடங்கினால் அந்த நிறமே போய்விடும். (பல கேபிள்களில் ஒன்பதாவது பின் தயாரிப்பிலேயே இருக்காது. அதைப் பார்த்து, உடைந்துவிட்டது என்று நல்ல கேபிளைத் தூக்கிப் போட வேண்டாம்.)

வி.ஜி.ஏ. 1987-ல் ஐ.பி.எம். கொண்டுவந்தது. இன்டெல், ஏ.எம்.டி. முதலான நிறுவனங்கள் 2015-க்குள் அதைக் கைவிடப் போவதாக 2010 இறுதியிலேயே அறிவித்துவிட்டன. புதிய லேப்டாப்களில் அது இல்லாததில் வியப்பில்லை. ஆனால் ப்ரொஜெக்டர்கள் இன்னும் சுவரில் தொங்குகின்றன, நன்றாகவும் ஓடுகின்றன. அவற்றைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. இடையில் வைக்கும் பொருளைச் சரியாக வாங்கினால் அவை இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

கணினி ஆய்வகத்திலும் இதே திசைச் சிக்கல்தான். புதிய மானிட்டர்கள் சிலவற்றில் டிஸ்ப்ளேபோர்ட் என்ற வேறு வகை வீடியோ போர்ட் மட்டுமே உள்ளது, கணினிகளில் எச்.டி.எம்.ஐ. உள்ளது. ‘டிஸ்ப்ளேபோர்ட் – எச்.டி.எம்.ஐ. கேபிள்’ வந்தது. அந்தச் சாதாரணக் கேபிள், கணினியில் டிஸ்ப்ளேபோர்ட்டும் மானிட்டரில் எச்.டி.எம்.ஐ.யும் இருந்தால்தான் படம் காட்டும். அதுவும் கணினியின் டிஸ்ப்ளேபோர்ட் எச்.டி.எம்.ஐ. சிக்னலையும் தரக்கூடியதாக இருக்க வேண்டும். எங்களுடையது தலைகீழ். அதற்குத் தனியாக மின்சாரம் எடுக்கும் ஆக்டிவ் கன்வெர்ட்டர் வேண்டும். கேபிள்கள் உறை பிரிக்காமலே அலமாரியில் இருக்கின்றன.

டைப்-சி விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. வடிவம் ஒன்றாக இருப்பதால் எல்லா டைப்-சி போர்ட்டும் படம் தரும் என்று நினைத்துவிடுகிறோம். சிலவற்றில் சார்ஜும் டேட்டாவும் மட்டுமே வரும். ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்’ (டைப்-சி வழியே படம் அனுப்பும் வசதி) இருக்கிறதா என்று லேப்டாப்பின் விவரக்குறிப்பில் பார்த்த பிறகே அடாப்டர் வாங்க வேண்டும். இல்லாத போர்ட்டில் சாதாரண டைப்-சி அடாப்டரை மாட்டிப் பயனில்லை.

எனவே தங்களிடம் நாங்கள் முதன்மையாகக் கேட்பது இது: கொள்முதல் பட்டியலில் கேபிளின் பெயரை மட்டும் எழுதாமல், எதிலிருந்து எதற்கு என்று எழுத வேண்டும். ‘லேப்டாப் எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ப்ரொஜெக்டர் வி.ஜி.ஏ.வுக்கு’ என்று ஒரு வரி இருந்திருந்தால் எங்களுக்கு ஓர் ஆண்டு வீணாகியிருக்காது. அதே வரியில் ஆடியோ ஜாக்கும் யு.எஸ்.பி. பவரும் உள்ள கன்வெர்ட்டர் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். வி.ஜி.ஏ.வில் ஒலி வராது, ஸ்பீக்கருக்குத் தனி ஜாக் வேண்டும். எச்.டி.எம்.ஐ. போர்ட் தரும் மின்சாரம் மிகக் குறைவு, சில கன்வெர்ட்டர்களுக்கு அது போதாமல் படம் விட்டுவிட்டு வரும். கன்வெர்ட்டரின் லேப்டாப் பக்கம் ஒரு சாண் நீளமாவது வயர் இருந்தால் கனம் மேசையில் இறங்கிவிடும், யாரும் கையில் பிடிக்க வேண்டியதில்லை.

நீளத்தையும் அளந்து எழுத வேண்டும். ப்ரொஜெக்டருக்கும் மேசைக்கும் உள்ள நேர்தூரம் போதாது. சுவரில் ஏறி, கூரையில் ஓடி, இறங்கும் வழியை அளக்க வேண்டும். முழு எச்.டி. படத்துக்கு நல்ல செம்பு எச்.டி.எம்.ஐ. கேபிள் பத்து மீட்டர் அளவுக்குப் பெரும்பாலும் தாங்கும். அதைவிட நான்கு மடங்கு புள்ளிகள் உள்ள 4கே படம் என்றால் அதற்கு முன்பே தடுமாறும். அதைவிட நீளம் வேண்டுமென்றால் ஆப்டிகல் எச்.டி.எம்.ஐ. கேபிள் போடலாம், அல்லது நெட்வொர்க் கேபிள் வழியாக 100 மீட்டர்வரை அனுப்பும் எச்.டி.பேஸ்டி கருவியைப் பயன்படுத்தலாம். ஆப்டிகல் கேபிளுக்கும் திசை உண்டு. எந்த முனை கணினிக்கு, எந்த முனை திரைக்கு என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். குழாய்க்குள் தலைகீழாக இழுத்துச் சுவரைப் பூசிவிட்டால், திரும்ப உடைக்க வேண்டியதுதான்.

செலவு கூடும் என்று தாங்கள் தயங்க வேண்டியதில்லை. தங்க முலாம் பூசிய கேபிளால் படம் தெளிவாகிவிடாது. நொடிக்கு 48 ஜிகாபிட் தாங்கும் ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’ கேபிள் வகுப்பறைக்குத் தேவையில்லை. முழு எச்.டி. ப்ரொஜெக்டருக்கு ‘ஹை ஸ்பீடு’ என்று அச்சிட்ட சாதாரணக் கேபிளே போதும். 4கே படத்தை நொடிக்கு 60 முறை (60 ஹெர்ட்ஸ்) காட்டும் திரை இருந்தால் மட்டும் ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ வாங்கலாம்.

கடைசியாக ஒன்று. பொருள் வந்து இறங்கும் நாளில், பெட்டிகளை எண்ணிக் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்தாமல், அந்தப் பள்ளியின் லேப்டாப்பையும் ப்ரொஜெக்டரையும் அந்தக் கேபிளால் இணைத்து, படமும் ஒலியும் வந்த பிறகே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட ஆணையிட வேண்டுகிறேன். பத்து நிமிட வேலை. எங்கள் பள்ளியில் அந்தச் சோதனையை நானே செய்து தருகிறேன். அருகிலுள்ள பள்ளிகளுக்கும் விடுமுறை நாட்களில் சென்று போர்ட் விவரங்களைக் குறித்துத் தர அணியமாக இருக்கிறேன்.

எங்கள் கருவிகள் ஒவ்வொன்றிலும் உள்ள போர்ட்கள், தேவைப்படும் கேபிளின் திசை, அளந்த நீளம் ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி இணைத்துள்ளேன். அடுத்த கொள்முதல் பட்டியல் தயாராகும் முன் அதைக் கனிவுடன் பார்வையிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணினி ஆசிரியர்.

இணைப்பு: போர்ட் விவரப் பட்டியல் – 1 தாள்.