அம்மிணிக்கு, போர்டு விஷயமா

அம்மிணி,

நீ புதுசா மாட்டப்போற கம்ப்யூட்டருக்குன்னு அனுப்புன மதர்போர்டு ஸ்க்ரீன்ஷாட் மூணும் பாத்தேன். கீழ "இதுல எதுப்பா ஓவர்க்ளாக்குக்குத் தாங்கும்"னு ஒரு வரி. அவ்வளவுதான். சாப்டீங்களா, அம்மா முட்டி எப்படி இருக்குன்னு ஒண்ணும் இல்ல. சரி, வேலை ஜாஸ்தியா இருக்கும். போன்ல சொன்னா நீ "அப்புறம் கூப்புடறேன்பா"னு வெச்சுருவே, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

மொதல்ல அந்த ஏ620 போர்டத் தூக்கிப்போடு. வெல கம்மிதான், ஆனா அந்த ஏஎம்டி சிப்செட்ல ப்ராசஸர ஓவர்க்ளாக் பண்ண, அதான் கம்பெனி வெச்ச ஸ்பீடுக்கு மேல ஓட்ட, விடமாட்டான், பி650 வேணும். இன்டெல் வாங்கலாமான்னு போன மாசம் கேட்டியே, அங்கயும் இதே கதைதான், ப்ராசஸர் பேருக்குப் பின்னாடி கே இருந்தா மட்டும் பத்தாது, போர்டு இசட் வரிசையா இருக்கணும், பி760ல ராம ஏத்தலாமே ஒழிய ப்ராசஸர ஏத்த முடியாது. அதோட 13, 14வது ஜெனரேஷன் டெஸ்க்டாப் சிப்புல வோல்டேஜ் ஜாஸ்தியாப் போயி கெட்டுப்போகுதுன்னு 2024ல பெரிய ரகளையாகி, இன்டெல்காரனே சிப்புக்குள்ள ஓடற மைக்ரோகோட மாத்திக் குடுத்து வாரண்டிய 2 வருஷம் நீட்டுனான். நீ ஏஎம்டியோட ரைசன் 9700எக்ஸ் ப்ராசஸர்னு முடிவு பண்ணது சரி. என்னையக் கேக்காமயே சரியா எடுத்திருக்கே, என்ற பொண்ணாச்சே.

மிச்ச ரெண்டும் பி650 மினி ஐடிஎக்ஸ், 17 சென்டிமீட்டர் சதுரம். இதுல நீ பாக்க வேண்டியது ப்ராசஸர் ஓரத்துல இருக்கற வி.ஆர்.எம். தான். நம்ம பட்டறைல டிரைவ் போர்டு பிரிச்சுப் போட்டிருப்போமே, மாஸ்பெட், சோக்கு, கெப்பாசிட்டர், அதே சங்கதி, 12 வோல்ட்ட 1.2 கிட்ட இறக்கிக் குடுக்குது. 9700எக்ஸ் கம்பெனி செட்டிங்ல 88 வாட்டோட நின்னுக்கும். அப்புறமா பயாஸ்ல, அதான் போர்டுக்குள்ள இருக்கற ஆரம்ப சாப்ட்வேர்ல, 105 வாட் மோடுன்னு ஒண்ணு குடுத்தான், அதப் போட்டா 142 வாட் வரைக்கும் இழுக்கும். 142ஐ 1.2ஆல வகுத்துப் பாரு, 118 ஆம்பியர் வருது. கேட்டு கிரில்லு பத்த வெக்கற வெல்டிங் மெஷின் கரண்ட்டு கண்ணு அது, உள்ளங்கை அகல போர்டுல ஒரு மூலைல ஓடுது. அதனால கரண்ட்டப் பங்கு போட்டுக்கற லைனு 10 ஃபேஸ், 12 ஃபேஸ்னு டப்பா மேல எழுதியிருக்கறத மட்டும் பாக்காத, ஒவ்வொண்ணும் எத்தன ஆம்பியர்னு பாரு, ஹீட்சிங்க் கெட்டியா இருக்கான்னு பாரு.

ரெண்டாவது படத்தப் பெருசு பண்ணிப் பாத்தேன், அந்த ஹீட்சிங்குக்கு அடில ஒரு பொடி ஃபேன் ஒளிஞ்சிருக்கு. அது தூசி அடைச்சா கொசு மாதிரி கத்தும், அப்புறம் நிக்கும். மொதப் படத்துல இருக்கறது ஃபின் வெட்டுன முழு அலுமினியம். எனக்கு அதுதான் புடிச்சிருக்கு. பின்னாடி பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டனும் இருக்கு, இது முக்கியம், 9700எக்ஸ் 2024 ஆகஸ்ட்லதான் வந்துச்சு, கடைக்காரன் அதுக்கு முந்துன ஸ்டாக்கத் தலைல கட்டுனா பயாஸ் பழசா இருந்து டிஸ்ப்ளேயே வராது, பட்டன் இருந்தா பென்டிரைவ்ல போட்டு நீயே ஏத்திக்கலாம்.

ஆனா ஒண்ணு கேக்கறேன், எதுக்கு அவ்வளவு சின்னது? மைக்ரோ ஏடிஎக்ஸ்ல இதே பி650 வெல கம்மியா வரும், நாலு ராம் ஸ்லாட்டு, காத்து நல்லாப் போகும். வீட்ல அந்தப் பெரிய மேசை இருக்குதே, போன தீபாவளிக்கு மாப்ள கூட நின்னு நாந்தானே மாட்டிக் குடுத்தேன். நீ எடுத்த கேஸுல மேல கைப்பிடி வேற இருக்கு. கைல தூக்கிட்டுப் போற மாதிரி எங்க போகப்போற? ஸ்க்ரீன்ஷாட்டுல மேல டெலிவரி பின்கோடு பழைய வீட்டுது இல்ல. ஆபீஸா இருக்கும்னு உங்கம்மாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். நீ ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணு.

மாட்டுனதும் ஏத்தத் தொடங்காத. மொதல்ல பயாஸ அப்டேட் பண்ணு, 2023ல சிப்புக்குள்ள ராமப் பாத்துக்கற பகுதிக்குப் போற எஸ்ஓசி வோல்டேஜ் எகிறி சில ரைசன் சிப்பு கருகுச்சு, அப்புறந்தான் 1.3 வோல்ட்டுக்கு மேல போகாம பூட்டுனான். ராம் ரெண்டு ஸ்லாட்டுதான், அதனால டிடிஆர்5 6000 செட்டு ஒரே தடவைல வாங்கிரு, அப்புறம் சேத்துக்கலாம்னா எடம் இருக்காது. மொத தடவை ஆன் பண்ணா கொஞ்ச நேரம் கருப்பாவே இருக்கும், ராம் பழகிக்குது, பயந்து ஆஃப் பண்ணிராத. ப்ராசஸருக்குப் போற வோல்டேஜக் கொறைக்கற கர்வ் ஆப்டிமைசர்ல மைனஸ் 10 வெச்சு ராத்திரி முழுக்க டெஸ்ட் ஓடட்டும், தாங்குனா 15. சூடும் கொறையும், ஸ்பீடும் வரும். எல்லா கோரையும் ஒரே ஸ்பீடுல பூட்டற பழைய ஓவர்க்ளாக் இந்த சிப்புக்கு வேண்டாம், ஒத்தக் கோர் வேலைல இருக்கற ஸ்பீடும் போயிரும். பிபிஓல, அதான் ப்ராசஸர் இழுக்கற கரண்ட்டு அளவ ஏத்தற செட்டிங்ல, கை வெச்சு எதாவது ஆச்சுன்னா வாரண்டி இல்லன்னு எழுதியே வெச்சிருக்கான், சித்தப்பா கம்ப்ரசர் கதை மாதிரி ஆயிரக்கூடாது. எட்டாவது படிக்கறப்பவே ஸ்டெபிலைசர்ல ரிலே மாத்துனவ நீ, உனக்கு நான் சொல்லணுமா. ஆனா அவசரக்காரி. எதையும் முடிச்சுட்டுத்தான் சொல்லுவே.

பணம் பத்தலைன்னா கேளு. மாப்ளகிட்ட கேக்க வேண்டாம்னு இருந்தாலும் என்னையக் கேளு. ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணு.

நல்ல தெர்மல் பேஸ்ட்டும், காந்த ஸ்க்ரூடிரைவர் செட்டும், அம்மா போட்ட கொள்ளுப்பொடியும் நாளைக்கு பார்சல் போடறேன். எந்த அட்ரஸுக்கு அனுப்பறது? மேல உன்ற பேர் மட்டும் எழுதுனாப் போதுமா, மாப்ள பேரும் எழுதணுமா, அத மட்டும் இன்னிக்கு மெசேஜ் போடு.

அப்பா