நுங்கம்பாக்கத்துக் கல்தூணும் மெட்ராஸ் நேரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை தினமான ஆகஸ்ட் 22 நெருங்கினாலே கோட்டை, 1639, எம்டன் குண்டு என்று பார்த்த செய்திகளே எல்லா இதழ்களிலும் வலம் வருகின்றன. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், வானிலை மைய வளாகத்துக்குள் நிற்கும் கருங்கல் தூணுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

எழும்பூரில் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786-ல் சொந்தமாக வைத்திருந்த வான் ஆய்வுக்கூடம்தான் இதற்கு மூலம். கிழக்கிந்திய கம்பெனி அதை எடுத்துக்கொண்டு, 1792-ல் நுங்கம்பாக்கத்தில் புதுக் கட்டடம் எழுப்பியது. சுமார் 10 டன் எடையுள்ள அந்தத் தூணில் தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுத்து வெட்டியிருக்கிறார்கள். அது வெறும் நினைவுக்கல் அல்ல. தென்வடலாக மட்டும் அசையும் தொலைநோக்கியைத் தாங்கிய பீடம். ஒரு நட்சத்திரம், வானில் உச்சி வழியாகத் தென்வடலாகச் செல்லும் கற்பனைக் கோட்டைக் கடக்கும் நொடியைக் குறித்து, அதை வைத்துக் கடிகாரத்தைத் திருத்துவார்கள். ஆள் நடந்தாலே அதிரும் தளத்தில் அந்த வேலை நடக்காது. அதனால்தான் அவ்வளவு கனமான கல்.

இந்த ஆய்வுக்கூடத்தின் வானியலர் ஜான் கோல்டிங்காம் 1802-ல் சொன்ன தீர்க்கரேகை 80° 18′ 30″. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று பெருக்கினால் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னால். மெட்ராஸ் நேரம் பிறந்த கணக்கு இதுதான். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டதாக இருந்ததால், பிற்காலத்தில் ரயில்வேக்கும் இந்த நேரமே வசதிப்பட்டது. 1906 ஜனவரி 1 முதல், கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கும் இந்திய நேரக் கணக்கு வந்தது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. இன்றைய வரைபடத்தில் அந்த வளாகம் ஏறத்தாழ 80° 15′-ல் இருக்கிறது. கோல்டிங்காம் எண்ணை அப்படியே குறித்தால் தூண் மெரினாவைத் தாண்டிக் கடலுக்குள் போய் நிற்கும்! அன்று தீர்க்கரேகை காண, வியாழனின் நிலவுகள் மறையும் உள்ளூர் நேரத்தைப் பார்த்து, அதைக் கிரீன்விச் நேரத்தோடு ஒப்பிட்டார்கள். நிலவு சட்டென்று மறையாது, மங்கிக்கொண்டே போகும். எந்த நொடியில் மறைந்தது என்பது பார்ப்பவர் கண்ணையும் கருவியையும் பொறுத்து மாறும். நேரத்தில் 15 நொடி பிசகினாலே இங்கே ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப்போகும். ஆகவே பழைய எண்ணை இன்றைய வரைபடத்தோடு கலந்து அச்சிட்டுவிடாதீர்கள்.

நார்மன் போக்சன் 1861-ல் ‘ஆசியா’ என்ற சிறுகோளையும், ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றையும் கண்டது இங்கிருந்துதான். அது தனிக் கட்டுரைக்கு உரியது.

சென்னையின் சொந்த நண்பகலை மாணவர்களே அளந்து பார்க்கலாம். ஒரு மீட்டர் குச்சியைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நட வேண்டும். காலை 10.40 வாக்கில் நிழலின் நுனியைக் குறித்து, குச்சியை மையமாக வைத்து அந்த நீளத்தில் வட்டம் போட வேண்டும். பிற்பகலில் நுனி மறுபடி வட்டத்தைத் தொடும் நேரத்தைப் பார்த்து, இரண்டு நேரங்களுக்கும் நடுவை எடுத்தால் அதுதான் நண்பகல். மிகக் குட்டையான நிழலைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். உச்சி வேளையில் நீளம் மாறுவதே தெரியாது. குச்சி சாய்ந்திருந்தாலும் கணக்குக் கெட்டுவிடும்.

ஆனால் சென்னை தினத்தன்று இதைச் செய்யாதீர்கள். அன்று சூரியன் அநேகமாகத் தலைக்கு மேலேயே போகும், உச்சியில் நிழல் இரண்டு சென்டிமீட்டர்தான் விழும். சூரியனும் கடிகாரமும் மூன்று நிமிடம்போல் முரண்படும். டிசம்பர் 25 தோது: நிழல் முக்கால் மீட்டர், விடை இந்திய நேரப்படி 12.09-ஐ ஒட்டி வரும். தூணைப் பற்றி ஆகஸ்டில் எழுதினாலும், இந்தச் செய்முறையை டிசம்பர் இதழில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை