கைரோ விசை: கணக்கு வேறு சொல்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் பந்தயம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், 300 கி.மீ. வேகத்தில் சக்கரங்களின் கைரோ விசைதான் (சுழலும் பொருளின் அச்சைத் திருப்பும்போது எழும் எதிர்விசை) காரைக் கவிழாமல் பிடிக்கிறது என்றும், வேகம் ஏற ஏற அதுவே காரைத் திரும்பவிடாமல் தடுக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டும் தவறு. பம்பரத்தை மனதில் வைத்துக்கொண்டு காரைப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது.

ஃபார்முலா 1 டயரின் விட்டம் சுமார் 72 செ.மீ. 300 கி.மீ. வேகத்தில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,200 சுற்று சுற்றும். டயர், ரிம், பிரேக் டிஸ்க் சேர்த்து ஒரு சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறனை (சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் அளவு) 1 கி.கி. சதுர மீட்டர் என்று வைப்போம். பக்கவாட்டில் 3 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் மூன்று மடங்கு) முடுக்கத்தோடு வளையும்போது கார் நொடிக்கு 20 டிகிரி திரும்புகிறது. நான்கு சக்கரமும் சேர்ந்து தரும் கைரோ திருப்புவிசை சுமார் 330 நியூட்டன் மீட்டர். அது காரை வளைவின் வெளிப்பக்கமாகச் சாய்க்கப் பார்க்கும், அவ்வளவுதான். 800 கிலோ எடையும் 30 செ.மீ. உயரத்தில் ஈர்ப்பு மையமும் உள்ள காரை அதே வளைவு எப்படியும் சுமார் 7,000 நியூட்டன் மீட்டர் அளவுக்குச் சாய்க்கிறது. கைரோவின் பங்கு அதில் 5 சதவீதம்கூடத் தேறாது. ஈர்ப்பு மையம் 14 மி.மீ. மேலே போனதற்குச் சமம். (அந்த 14 மி.மீட்டருக்கே பொறியாளர்கள் மல்லுக்கு நிற்பார்கள் என்பது வேறு விஷயம்.)

வேகம் ஏறினால் இது கூடுமா? பக்கவாட்டு முடுக்கம் அதேதான் என்றால் கூடாது. வேகம் இரட்டித்தால் சக்கரத்தின் சுழற்சியும் இரட்டிக்கிறது. ஆனால் கார் திரும்பும் வீதம் பாதியாகிறது. பெருக்கிப் பார்த்தால் பழைய எண்ணே வரும்.

கைரோ விசை உண்மையிலேயே கடிக்கும் இடம் ஸ்டீயரிங். முன்சக்கரம் கெர்ப் (பந்தயத் தடத்தின் ஓர மேடு) மேல் ஏறி 25 மி.மீ. எழும்பும்போது கேம்பர் (செங்குத்திலிருந்து சக்கரம் சாயும் கோணம்) அரை டிகிரி மாறுவதாகவும், அதற்கு ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் ஆவதாகவும் கொள்ளுங்கள். ஸ்டீயரிங் அச்சில் 100 நியூட்டன் மீட்டர் உதை விழுகிறது. சக்கரத்தைத் திருப்பும் நெம்புகோலான ஸ்டீயரிங் ஆர்ம் 10 செ.மீ. என்றால், அதைத் தள்ளி இழுக்கும் கம்பியான டை ராடில் அந்தக் கணத்தில் ஏறுவது 100 கிலோ எடைக்கு நிகரான விசை. சக்கரத்தின் மேல்முனை உள்ளே சாயும்போது அதன் முன்பக்கமும் உள்ளே திரும்பப் பார்க்கும். இறங்கும்போது நேர் எதிர். டை ராட் மூட்டில் கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் ஓட்டுநரின் கை அசையாமலே சக்கரம் திசை மாறிவிடும். சக்கரத்தைக் காரோடு இணைக்கும் விஷ்போன் கைகளை அமைக்கும்போதே கேம்பர் மாற்றத்தைக் குறைத்துக்கொள்வதும், டை ராடுகளை நகர்த்தும் பல்சட்டமான ஸ்டீயரிங் ரேக்கை விறைப்பாகப் பொருத்துவதும்தான் இதற்கு வழி. இரு முன்சக்கரங்களையும் ஒரே ஆக்ஸில் இணைத்த பழைய கார்களில் நிலைமை இன்னும் மோசம். ஒரு பக்கம் மேட்டில் ஏறினால் இரண்டு சக்கரமும் ஒரே பக்கம் சாயும், ஒரே பக்கம் உதைக்கும். அது ஓயாத நடுக்கமாகிவிடும். 1930களில் முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் பரவியதற்கு இந்த நடுக்கமும் ஒரு காரணம்.

எஞ்சினை இவ்வளவு பேச வேண்டியதில்லை. எஞ்சினின் சுழல் தண்டான கிரேங்க் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 15,000 சுற்றில் ஓடினாலும் அதன் நிலைமத் திருப்புத்திறன் மிகச் சிறியது, 0.02 என்று தாராளமாக வைத்தாலும் மேற்சொன்ன வளைவில் கிடைப்பது 11 நியூட்டன் மீட்டர். நீளவாக்கில் பொருத்திய எஞ்சின் என்றால் அது காரின் மூக்கை இம்மியளவு ஏற்றும் அல்லது இறக்கும். 2012இல் லெ மான் பந்தயத்தை வென்ற ஆடி ஆர்18 இ-ட்ரான் குவாட்ரோவில் இருந்தது போன்ற, நிமிடத்துக்கு 45,000 சுற்று வரை போகும் ஃப்ளைவீல்களில்தான் (ஆற்றலைச் சுழற்சியாகச் சேமிக்கும் சக்கரங்கள்) பேரிங் மீது விழும் கைரோ சுமையைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். அச்சைச் செங்குத்தாக வைத்தால் கார் திரும்புவதால் அந்தச் சுமை வராது. கார் முன்பின்னாகவோ பக்கவாட்டிலோ சாயும்போது மட்டும் வரும்.

சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறனை மாணவர்கள் தாங்களே அளக்கலாம். 20 கிலோ சக்கரத்தைப் படுக்கைவாக்கில், மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி, சம இடைவெளியில் மூன்று 2 மீட்டர் கம்பிகளில் தொங்கவிட்டு லேசாகத் திருகி விடுங்கள். 20 அலைவுக்கு 64 நொடி ஆனால் விடை ஏறக்குறைய 1. பத்து டிகிரிக்கு மேல் திருகினாலோ சக்கரம் பக்கவாட்டில் ஊசலாடினாலோ அந்த அளவீட்டைத் தள்ளிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாகன இயக்கவியல் கற்பிக்கும் வாசகர்கள்