கண்ணாடிக் குண்டுக்கு ஓய்வு

அன்புள்ள ரகு,

பதில் போடாததற்கு நீ திட்டி முடித்துவிட்டாய் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வானிலை நிலையத்தில், வெயிலைக் குவித்து அட்டையில் தீய்ந்த தடம் போட்டு வெயில் நேரம் பதியும் கண்ணாடிக் குண்டைக் கழற்றப்போகிறார்கள். ஜோசியக்காரி குண்டு என்று சொல்லி நீ தாடிக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாயே, அதேதான்.

பதிலுக்கு மின்னணு உணரி வந்திருக்கிறது. சூரியனின் நேர்க்கதிர் சதுர மீட்டருக்கு 120 வாட்டைத் தாண்டினால் வெயில், இல்லாவிட்டால் இல்லை. உலக வானிலை அமைப்பு வைத்த வரம்பு. குண்டு அப்படியா என்று கேட்கிறான் புதிதாக வந்த பையன். அட்டை பனியில் ஊறியிருந்தால் காலை வெயிலுக்கு எரியவே எரியாது. மேகம் விட்டு விட்டுப் போகும் நாளிலோ கொஞ்ச நேர வெயிலுக்கே பெரிதாகத் தீய்ந்து, பொத்தல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வராத வெயிலும் கணக்கில் ஏறிவிடும். அவன் சொல்வது அத்தனையும் சரி. அதுதான் எரிச்சல்!

ஆனால் என்னை உறுத்துவது வேறு. இந்தக் குண்டுக் கருவியைக் கண்டுபிடித்த காம்ப்பெல் 1853-இல் மரக் கிண்ணத்தில் தீய்ந்த தடம் விழவைத்தார். அதைத் திருத்திய ஸ்டோக்ஸ் 1879-இல் உலோகச் சட்டமும் அட்டையும் கொடுத்தார். அதற்கப்புறம் எத்தனையோ ஊர்களின் வெயில் கணக்கு இந்த அட்டைகளில்தான் இருக்கிறது. நாளைக்கு உணரி குறைத்துக் காட்டினால், குறைந்தது வெயிலா, மாறியது கருவியா? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சில வருடம் ஓடவிட்டால்தானே தெரியும்? கேட்டால் இடமில்லை என்கிறார்கள். 10 சென்டிமீட்டர் குண்டுக்கு மொட்டை மாடியில் இடமில்லையாம்!

கோபத்தில் பழைய அட்டைகளைக் கிளறினேன். கோடைக்கு நீள வளைவு, குளிர்காலத்துக்குக் குட்டை வளைவு, நடுவில் நேர் அட்டை, எல்லாம் கலந்து கிடக்கிறது. ஒன்றில் காலை முழுக்கத் துண்டு துண்டாகப் புள்ளிகள், மதியத்துக்கு மேல் விளிம்பு பழுப்பேறிய நீளக் கோடு. இரண்டு மூன்று புள்ளி சேர்ந்தால்தான் 6 நிமிடம் என்று தாடிக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். நீயோ ஒற்றைப் புள்ளிக்கே வாரி வழங்கிய வள்ளல். பின்பக்கம் தேதிக்குக் கீழே உன் கையெழுத்தில் "மேகமூட்டம், தூக்கம்" என்று வேறு இருக்கிறது. பையனிடம் காட்டவில்லை, பயப்படாதே.

சரி, நீங்கள் அங்கே கருவி மாற்றியபோது இரண்டையும் சேர்த்து ஓட்டினீர்கள் அல்லவா? மாதவாரியான வித்தியாசம் இருந்தால் உடனே அனுப்பு. திங்கட்கிழமை கூட்டம். வெறும் வாயை வைத்துக்கொண்டு என்னால் சண்டை போட முடியாது.

அன்புடன்,
முரளி